ஓடைப் புல்வெளிக்கு நான் எழுதிய பசளைக் கணக்கு

நான் ஒரு மனிதரின் பதிலை மாற்றிச் சொன்னேன். தவறுதலாக அல்ல, தெரிந்தே. எனக்கு ஜெர்மன் மொழி தெரிந்திருந்தது, அவருக்குத் தெரியாது. அந்த வசதியை வைத்து என்னுடைய பிழையை அவருடைய தலையில் கட்டிவிட்டேன். அவருக்கு வேலை போயிற்று. மனைவியையும் இரண்டு பெண் பிள்ளைகளையும் மன்னாரிலிருந்து ஜெர்மனிக்கு எடுப்பிக்க அவருக்கு இருந்த ஒரே பிடிமானம் அந்த வேலைதான். எனக்கு இப்போது எண்பது வயது. என் பிள்ளைகளுக்குக்கூட இதைச் சொன்னதில்லை.

யாழ்ப்பாணத்தில் நான் இரசாயன ஆசிரியராக இருந்தேன். எண்பத்து நான்கின் கடைசியில் ஜெர்மனிக்கு வந்தபோது, டோர்ட்மண்டுக்குத் தெற்கே மலைப்பகுதியில் ஒரு சிற்றூரின் அகதிகள் விடுதியில் போட்டார்கள். ஹைம் என்று சொல்வோம். இரண்டு ஆண்டுகள் வேலை செய்யத் தடை. மாவட்ட எல்லையைத் தாண்டத் தடை. டோர்ட்மண்டில் நம்மவர்கள் இருந்தார்கள்; அவர்களைப் பார்க்கப் போவதற்கு அன்ட்ராக் என்ற விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்துவிட்டு முத்திரைக்காக ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். காத்திருந்து முத்திரை கிடைத்த நாளில் போக மனமிராது. அந்த இரண்டு ஆண்டுகளில் நான் செய்த உருப்படியான காரியம் மொழி படித்தது ஒன்றுதான்.

தடை முடிந்ததும், பால்பண்ணை ஒன்றில் ஆள் தேவை என்று அர்பைட்ஸம்ட் என்ற வேலை அலுவலகத்தில் சொன்னார்கள். மேசைக்கு அப்பால் இருந்த பெண் நான் என்ன படித்தேன் என்று கேட்டார். விவசாய விஞ்ஞானம் என்றேன். பொய். இரசாயனம் படித்தவனுக்கு மாட்டுத் தொழுவத்தில் வேலையில்லை என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். அந்தப் பொய் என் கடதாசியில் ஏறி, என்னோடு பண்ணைக்கு வந்தது.

பண்ணைக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். நாற்பது கறவை மாடுகள், மலைச்சரிவில் புல்வெளிகள், பாலுக்கு அரசு வரம்பு விதித்திருந்ததால் எப்போதும் ஒரு முணுமுணுப்பு. என்னை "ஹெர் லேரர்" என்று கூப்பிடுவார், அதாவது ஆசிரியர் ஐயா. மரியாதையாகவா நக்கலாகவா என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை. எனக்கு முன்னரே அங்கே ஒரு தமிழர் வேலைக்கு வந்திருந்தார். மன்னார்க்காரர், கத்தோலிக்கர், ஊரில் இருநூறு மாட்டுப் பட்டியைப் பார்த்தவர். பழைய தொழுவத்துக்கு மேலிருந்த அறையில் இருவரும் படுத்தோம்.

அவர் என்னைவிட நான்கு வயது மூத்தவர். முறைப்படி நான் அண்ணை என்று கூப்பிட்டிருக்க வேண்டும். நான் "நீர்" என்றேன். அவர் எட்டாம் வகுப்போடு நின்றவர், மாடு பார்த்தவர் என்பதைத் தவிர அதற்குக் காரணம் கிடையாது. அவர் என்னை "மாஸ்டர்" என்றார், "நீங்கள்" என்றார். எங்கள் இருவரின் வேலை அனுமதியும் ஆண்டுக்கொருமுறை, மே முடிவில், பண்ணைக்காரர் எழுதித் தரும் கடிதத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

அங்கே மாரி முழுவதும் மாடுகள் தொழுவத்திலேயே நிற்கும். சாணமும் சலமும், அதாவது மூத்திரமும், அடியிலுள்ள தொட்டிக்குள் ஒன்றாக விழுந்து கூழாகக் கிடக்கும். பெப்ரவரியில், நிலம் உறைந்து வண்டியைத் தாங்கும் காலைகளில், அதைத் தொட்டி வண்டியில் இழுத்துப்போய்ப் புல்வெளிகளில் தெளிப்பார்கள். அதை மன்னார்க்காரர் செய்தார். ஓடையோரப் புல்வெளி தொழுவத்துக்குப் பக்கம். மேட்டு நிலங்களுக்கு வண்டி ஏறாத நாட்களில் எல்லாக் கூழும் அங்கேயே போயிற்று.

எண்பத்தேழின் மார்ச்சில் ஒரு நாள், பண்ணைக்காரர் சமையலறை மேசையில் சங்கக் கடையின் பசளைப் பட்டியலை விரித்தார்.

"ஹெர் லேரர், இந்தமுறை நீங்கள் தெரிவுசெய்யுங்கள். என் தகப்பன் புல்லுக்குக் கைனிட்தான் போட்டார். நானும் அதையே போடுகிறேன். ஏனென்று எனக்குத் தெரியாது."

பட்டியலைப் பார்த்தேன். கைனிட் என்பது சுரங்கத்திலிருந்து வெட்டியெடுக்கும் ஒரு உப்பு. நூற்றுக்குப் பதினொன்று பொட்டாஷ், கொஞ்சம் மக்னீசியம், பாதியளவு வெறும் கறியுப்பு. அதற்குக் கீழே நூற்றுக்கு நாற்பது பொட்டாஷ் உள்ள இன்னொன்று. எனக்குச் சிரிப்பு வந்தது. கிணறு உவராகினால் தோட்டம் போயிற்று என்று பயந்து வாழ்கிற ஊரில் வளர்ந்தவன் நான். நிலத்துக்கு உப்பை விலைக்கு வாங்கிப் போடுவதா?

"இதில் பாதி கறியுப்பு," என்றேன். "நிலத்தைக் கெடுக்கும்."

"ஐம்பது வருடமாகக் கெடுக்கவில்லையே," என்றார் அடுப்படியில் நின்ற அவருடைய மனைவி.

"மெதுவாகக் கெடுக்கும்."

பண்ணைக்காரர் தாடையைச் சொறிந்தார். "நாற்பது என்றால் மூட்டை குறையும். என் முதுகு உங்களுக்கு வாக்களிக்கிறது."

அன்று பின்னேரம் முழுவதும் இருந்து, ஒவ்வொரு புல்வெளிக்கும் எத்தனை மூட்டை என்று ஒரு தாளில் எழுதினேன். வந்த நாளிலிருந்து ஒரு தாளுக்கு முன்னால் இருந்து கணக்குச் செய்யவில்லை. சாணக்கூழையும் சேர்த்துத்தான் கணக்கிட்டேன். ஆனால் எனக்குத் தெரிந்த சாணம் ஊரில் கடகத்தில் அள்ளுகிற காய்ந்த எரு. சலம் மண்ணில் ஊறி எப்போதோ போயிருக்கும். அந்த எருவில் பொட்டாஷ் சொற்பம். அந்தச் சொற்பத்தைத்தான் ஓடைப் புல்வெளிக்கும் எழுதினேன். மிச்சத்துக்கு எக்டேயருக்கு நான்கு மூட்டை.

அறையில் மன்னார்க்காரர் தாளை வாங்கிப் பார்த்தார். இலக்கங்கள் அவருக்கு விளங்கும்.

"மாஸ்டர், ஒண்டு சொல்லட்டே? அந்த ஓடைப் பக்கத்துக்கு இனி ஒண்டும் போடவேண்டாம். மாரி முழுக்க மாட்டு மூத்திரம் அங்கைதான் போனது. மூத்திரத்திலதானே முழுக் காரமும் கிடக்கு. பட்டி அடைக்கிற நிலத்துக்கு நாங்கள் வேறை ஒண்டும் போடுறேல்லை."

"அது உங்கட ஊர் நிலம்."

"மூத்திரம் எல்லா ஊரிலயும் மூத்திரம்தானே மாஸ்டர்." சிரித்தார். "அதோடை உப்பையும் நிப்பாட்டிப்போட்டியளாம். எங்கட பக்கம் மாடு நல்ல புல்லை விட்டுட்டுக் கடலோரத் தரவைப் புல்லைத் தேடியெல்லோ போகும். உப்பெண்டா அதுகளுக்கு உயிர்."

"நீர் ட்ராக்டரை ஓட்டும். கணக்கை நான் பாக்கிறன்."

அவர் தாளை மடித்துத் திருப்பித் தந்தார். சலத்தில்தான் பொட்டாஷ் போகிறது என்பது உண்மை. நான் படித்த புத்தகங்களிலும் எங்கோ இருந்திருக்கும்.

பிறகு தொடங்கியது இழுபறி. மூட்டைகள் வந்து இறங்கிய அன்று மழை. கொட்டிலின் கூரை ஒழுகி மேல்வரிசை நனைந்தது. நிலம் சேறாகி ட்ராக்டர் இறங்க ஏலாது. சேறு காய்ந்தபோது பனி கொட்டியது. பனி கரைய மறுபடியும் சேறு. ஒவ்வொரு காலையும் பண்ணைக்காரர் புல்வெளி விளிம்புக்குப் போய்ச் சப்பாத்துக் குதியால் மண்ணைக் குத்திப் பார்த்துத் திரும்பி வருவார். பால் கறந்து, சாணம் வழித்து, மறுபடி பால் கறந்து, நாள் முடியும். ஒருவழியாக மேட்டு நிலத்தில் இறங்கினால், நனைந்து கட்டிபட்ட பசளை விசிறும் இயந்திரத்தின் வாயை அடைத்துக்கொண்டது. நான் கையை விட்டுக் கிண்டினேன். வெடித்திருந்த விரல்களில் பசளை பட்டு எரிந்தது. பண்ணைக்காரர் சுத்தியலால் தொட்டியில் இரண்டு தட்டுத் தட்டினார். பொலபொலவென்று கொட்டியது.

"பல்கலைக்கழகத்தில் இதைச் சொல்லித் தரவில்லையா, ஹெர் லேரர்?"

பதினைந்து ஆண்டுகள் வகுப்புகளில் நின்ற நான், சேற்றில் நின்று அதைக் கேட்டுக்கொண்டேன். அவருக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும் எதையோ நிரூபிக்க வேண்டும் என்ற வெறி எனக்குள் ஏறியது அந்த நாட்களில்தான்.

கடைசியில் ஒரு நல்ல நாள் வாய்த்தது. காய்ந்த நிலம், காற்று இல்லை. அன்றைக்குப் பார்த்து எனக்கு வெளிநாட்டவர் அலுவலகத்தில் டெர்மின், குறித்துத் தந்த நேரம். போகாவிட்டால் தங்கும் அனுமதி காலாவதியாகிவிடும். தாளை மன்னார்க்காரரிடம் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினேன். அவர் தனியாக ஓடைப் புல்வெளிக்குப் பசளை விசிறினார். தன் புத்திக்கு எதிராக, என் தாளில் எழுதியிருந்தபடியே, எக்டேயருக்கு நான்கு மூட்டை.

ஏப்ரல் முடிவில் ஓடைப் புல்வெளி பச்சையென்றால் அப்படியொரு பச்சை. பண்ணைக்காரர் என் தோளில் தட்டினார். மாடுகளை அவிழ்த்துவிட்டபோது கிழட்டு மாடுகள்கூடக் கன்றுகள் மாதிரித் துள்ளின. மன்னார்க்காரர் மட்டும், வெளியில் விட முதல் கொஞ்சம் வைக்கோல் போட்டால் நல்லது என்று என்னிடம் சொன்னார். பண்ணைக்காரரிடம் சொல்லச் சொன்னார். நான் சொல்லவில்லை.

இரண்டு நாள் குளிர்மழை பெய்தது. நான்காம் நாள் காலை ஒரு மாடு விறைத்த காலோடு நடந்தது. காது துடித்தது. பக்கத்தில் போனதும் மிரண்டு ஓடி விழுந்து, கால்களை உதறி, வாயில் நுரை தள்ளியது. மிருகவைத்தியர் வருவதற்குள் செத்துவிட்டது. ஓடைப் பக்கம் இன்னொன்று ஏற்கெனவே செத்துக் கிடந்தது. மூன்றாவது மாட்டின் கழுத்து நரம்பில் வைத்தியர் மக்னீசிய மருந்தை ஏற்றினார். மன்னார்க்காரர் அதன் தலையை மடியில் வைத்து அமர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தார். அது எழுந்தது.

முற்றத்தில் நால்வரும் நின்றோம். வைத்தியர் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

"மேய்ச்சல் வலிப்பு. புல்லில் பொட்டாஷ் கூடினால் மாட்டுக்கு மக்னீசியம் சேராது. அந்த நிலத்துக்கு எவ்வளவு போட்டீர்கள்?"

பண்ணைக்காரர் பாலறைச் சுவரில் குத்தியிருந்த என் தாளைப் பிடுங்கி வந்து நீட்டினார். வைத்தியர் வாசித்தார்.

"நான்கு மூட்டை. அது மட்டுமென்றால் இப்படி வராதே. சாணக்கூழ்?"

அந்தக் கணத்தில் எனக்கு விளங்கிவிட்டது. என் கணக்கின் எந்த வரியில் பிழை என்றுகூடத் தெரிந்தது. கூழும் தாளில் கணக்காகியிருந்தது; பண்ணைக்காரர் தாளைச் சந்தேகிக்கவில்லை. அதை எழுதியவர் விவசாய விஞ்ஞானம் படித்தவர்.

"இவன் ஒரே இடத்தில் இரண்டு தரம் ஓட்டிவிட்டானா? கேளுங்கள்," என்றார் என்னிடம்.

நான் மன்னார்க்காரர் பக்கம் திரும்பினேன். "அண்டைக்கு ஓடைப் பக்கம் ஒரு இடமும் விடாமல் முழுக்கப் போட்டனீரோ எண்டு கேக்கிறார்."

"ஓம் மாஸ்டர். ஒரு மூலையும் விடேல்லை." பண்ணைக்காரரைப் பார்த்துத் தலையாட்டினார். "யா, யா."

"இரண்டு தரம் ஓட்டியதாகச் சொல்கிறார்," என்றேன் நான்.

மூட்டைகளை யாரும் எண்ணி இறக்கவில்லை; நனைந்து உடைந்தவையும் கொட்டிலில் கலந்து கிடந்தன. எத்தனை போயிற்று என்று யாரும் சரிபார்க்க முடியாது. அதையும் நான் யோசித்துத்தான் சொன்னேன்.

மே முடிவில் பண்ணைக்காரர் ஒரு கடிதந்தான் எழுதினார், எனக்கு. மன்னார்க்காரர் அறையில் உடுப்புகளை மடித்துக்கொண்டு கேட்டார்.

"என்னவாம் மாஸ்டர், என்னை ஏனாம் நிப்பாட்டினவர்?"

"மாடு செத்ததாலை ஆளைக் குறைக்கினமாம்."

"அப்ப உங்களையும் விட்டுடுவினமோ?"

"தெரியாது."

"விடமாட்டினம். நீங்கள் படிச்சனீங்கள். யோசியாதேங்கோ."

அவர் ஹைமுக்குத் திரும்பினார். அந்த ஆண்டிலிருந்து சட்டங்கள் இறுகியிருந்தன. ஒருமுறை விட்ட வேலை அனுமதியைத் திரும்ப எடுப்பது குதிரைக்கொம்பு. அவருடைய மனைவியும் பிள்ளைகளும் மன்னாரில் ஒரு தேவாலய வளவில் தங்கியிருந்தார்கள். அங்கிருந்து அவருக்கு வரும் கடிதங்கள் சில மாதம் பண்ணை விலாசத்துக்கே வந்தன. நான் விலாசத்தை வெட்டி ஹைமின் விலாசத்தை எழுதித் தபாலில் போடுவேன். போய்க் கொடுக்கவில்லை. ஹைம் நான்கு கிலோமீற்றர் தூரம்.

அடுத்த மார்ச்சில் பண்ணைக்காரர் அதே மேசையில் அதே பட்டியலை விரித்தார். நான் எழுதினேன். எல்லா இடத்துக்கும் கைனிட். ஓடைப் புல்வெளிக்கு நேரே பொட்டாஷ் ஒன்றுமில்லை என்று கோடு போட்டேன். அவர் தாளைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார்.

"கைனிட் நிலத்தைக் கெடுக்கும் என்றீர்களே?"

"கெடுக்காது."

"ஓடைக்கு ஏன் ஒன்றுமில்லை?"

"சாணக்கூழிலேயே போதுமான அளவு இருக்கிறது."

"போன வருடம் இருக்கவில்லையா?"

அதற்கு என்னிடம் ஒரு பதில் இருந்தது. இன்னொரு பொய்யும் தயாராக இருந்தது. ஆண்டு முழுவதும் சாணம் வழித்த கையோடு அந்த மேசையில் இருந்து, இரண்டாவதைச் சொல்ல எனக்குச் சலித்துப் போயிற்று. அதைத் தைரியம் என்று சொல்லமாட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். கணக்குப் பிழை, கேள்வியை மாற்றியது, பதிலை மாற்றியது, விவசாய விஞ்ஞானம் படிக்காதது.

அவர் முதலில் கேட்டது கூழில் எவ்வளவு பொட்டாஷ் என்று. சொன்னேன். பென்சிலால் தானே பெருக்கிப் பார்த்தார். பிறகு பென்சிலை வைத்துவிட்டுச் சொன்னார்.

"செத்தது என் மாடுகள். அதை நான் தாங்குவேன். உங்கள் வாயை நம்பி ஒரு மனிதனை வெளியே அனுப்பினேன். நீங்கள் ஒரு வருடமாக இந்த மேசையில் சாப்பிடுகிறீர்கள்."

அவருடைய மனைவி தட்டச்சுப் பொறியைக் கொண்டுவந்தார். நான் எழுதித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். அவரே எழுதினார்: பிழை இவருடையதல்ல, இவரைத் திரும்ப வேலைக்கு எடுக்க விரும்புகிறோம். பண்ணைக்காரர் கையெழுத்திட்டார்.

ஹைமின் பொதுச் சமையலறையில் மன்னார்க்காரர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். "அண்ணை" என்று தொடங்கினேன். அந்தச் சொல் என் வாயில் புதுச் சப்பாத்துப் போலக் கடித்தது. சொல்லி முடிக்கும்வரை அவர் கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைக்கவில்லை.

"ரெண்டு தரம் எண்டோ சொன்னனீங்கள்?"

"ஓம்."

"நான் தலையாட்டினதை வைச்சு?"

"ஓம் அண்ணை."

வெங்காயத்தைப் பலகையில் வைத்துவிட்டு, "அந்த மூண்டாவது மாடு பிழைச்சதோ?" என்று கேட்டார்.

"பிழைச்சிட்டுது. கண்டும் போட்டிட்டுது."

கடிதத்தை எடுத்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். அவர் கையை உயர்த்தினார்.

"வையுங்கோ மாஸ்டர். வேறை ஆளைக்கொண்டு வாசிப்பிக்கிறன்."

பக்கத்து அறையிலிருந்த ஒரு பெண்ணை, "அக்கா, ஒருக்கா வாங்கோ" என்று கூப்பிட்டார். அவருக்கும் ஜெர்மன் தெரியும். அவர் கதவில் சாய்ந்து நின்று மெல்ல மெல்ல வாசித்துத் தமிழில் சொன்னார். நான் நின்றுகொண்டிருந்தேன். என்னை யாரும் இருக்கச் சொல்லவில்லை.

வெளிநாட்டவர் அலுவலகம், பண்ணையின் இரண்டாவது இடம் போன ஆண்டே பதிவிலிருந்து போய்விட்டது, இப்போது ஒரு இடந்தான், அதில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார் என்றது. அந்த ஒருவர் நான். மறுவாரம் வேலையை விட்டேன். அந்த வெற்றிடத்தை முதலில் உள்ளூர்க்காரருக்கு அறிவிக்க வேண்டும் என்றது அர்பைட்ஸம்ட். அறிவித்தார்கள். ஆறாவது வாரம் பக்கத்து ஊரிலிருந்து ஒரு ஜெர்மன்காரர் வந்து வேலையை எடுத்துக்கொண்டார். பண்ணைக்காரர் இன்னுமொருமுறை எழுதிப் பார்த்தார். மறுப்பு வந்தது.

மறுப்புக் கடிதத்தையும் நானே ஹைமுக்குக் கொண்டுபோனேன். அதையும் அந்த அக்காதான் வாசித்தார்.

"அப்ப இப்ப உங்களுக்கும் வேலையில்லையோ?" என்று கேட்டார் மன்னார்க்காரர்.

"இல்லை."

"ரெண்டு பேரிட்டை இருந்தும் மாடு தப்பிச்சுது." அக்கா சிரித்தார். அவரும் சிரித்தார். நான் சிரிப்பதற்காக அவர்கள் காத்திருக்கவில்லை.

எண்பத்தொன்பதில் அவர் ஹைமில் இல்லை. பிரான்சுக்குப் போய்விட்டார் என்றார்கள். விலாசம் கேட்டேன், ஒருவரும் தரவில்லை. அந்த அக்காவின் கையில் ஒரு கடிதத்தைக் கொடுத்து, முடிந்தால் சேர்த்துவிடச் சொன்னேன். மன்னிப்பைத்தான் நான்கு பக்கத்தில் எழுதியிருந்தேன்.

மாரி தொடங்குகையில் பதில் வந்தது. பிரெஞ்சு முத்திரை, கொப்பித் தாள், உருண்டையான பள்ளிக்கூடக் கையெழுத்து. அவருடைய மூத்த மகள் எழுதியிருந்தாள். அம்மாவும் தாங்கள் இருவரும் வந்து சேர்ந்து நான்கு மாதமாம். அப்பா சுகமாம். உங்கள் கடிதத்தை அப்பா தான் வாசிக்காமல் என்னைக்கொண்டு வாசிப்பித்தார், இனிமேல் எழுத வேண்டாம் என்று சொல்லச் சொன்னார் என்று முடித்திருந்தாள்.

நான் எழுதவில்லை.